அழகர்கோவில் சாலையில் சைக்கிளுக்கு எத்தனை அடி?

சித்திரை மாதம் அழகர் மலையை விட்டு இறங்கி மதுரைக்கு வரும்போது சாலையின் முழு அகலமும் அவருக்குத்தான். கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, மூன்றுமாவடி என்று வழிநெடுக பஸ்ஸும் காரும் நின்று வழி விடுகின்றன. தை மாதம் நத்தம் வழியாகப் பழனிக்கு நடக்கும் பாதயாத்திரைக் கூட்டத்துக்கும் வண்டிகள் ஒதுங்கித்தான் போகின்றன. அறுவடை முடிந்ததும் மேலூர்ப் பக்கத்துக் கிராமச் சாலைகளில் நெல்லைக் காயப்போடுகிறார்கள். பாதிச் சாலையை நெல் எடுத்துக்கொள்ளும். சுற்றிலும் கருங்கல்லை வரிசையாக வைத்துவிட்டால் லாரிக்காரர்கூட முணுமுணுத்துக்கொண்டு மறுபக்கம் ஏறிப் போய்விடுவார். கிடை போடப் போகும் செம்மறி ஆட்டு மந்தை குறுக்கே வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு.

இத்தனைக்கும் இடம் கொடுக்கிற அதே சாலையில் ஒருவர் சைக்கிளில் தடத்தின் நடுவே போனால் மட்டும், பின்னாலிருந்து ஹாரன் அலறுகிறது. “ஓரமாப் போக மாட்டியா? ரோடு என்ன ஒங்க அப்பன் வீட்டதா?”

இந்தக் கேள்வியை வசவு என்று தள்ளாமல், கேள்வியாகவே எடுத்துக்கொண்டு பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. சாலை யாருடையது? அதில் சைக்கிளுக்கு எவ்வளவு இடம்? மதுரையைச் சுற்றி, பார்ப்பதற்கென்றே போகத் தோன்றும் சாலைகள் பல இருக்கின்றன: அழகர்கோவில் சாலை, நாகமலை அடிவாரம், சமணர் மலை இருக்கும் கீழக்குயில்குடி, வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் நெருங்கி நிற்கும் சோழவந்தான் வழி, யானைமலையைத் தாண்டிப் போனால் 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி. ஞாயிறு விடியற்காலையில் ஹெல்மெட்டும் கியர் சைக்கிளுமாக இங்கெல்லாம் போகிற நகரத்துக்காரர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு முன்பிருந்தே, வாரம் ஏழு நாளும், இதே சாலைகளில் சைக்கிள் மிதிப்பவர்கள் இருக்கிறார்கள். பால்காரர், தோட்ட வேலைக்குப் போகிறவர், கேரியரில் புல்லுக்கட்டு வைத்தவர், அரசு கொடுத்த சைக்கிளில் மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். உரிமையைப் பற்றிப் பேசினால் இவர்களை முன்னால் வைத்துத்தான் பேச வேண்டும்.

முதலில் அந்த ‘ஓரம்’ எப்படிப்பட்டது என்று பார்ப்போம். நகரத்தைத் தாண்டிய ஒரு சாலையில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே குனிந்து பாருங்கள். எம்-சாண்ட் லாரியிலிருந்து சிந்திய மணல் ஒரு விரற்கடை கனத்துக்குப் படிந்திருக்கும். மெல்லிய டயர் அதில் ஏறினால் முன்சக்கரம் வழுக்கும். சீமைக் கருவேலத்தின் காய்ந்த முள் அங்கேதான் ஒதுங்கிக் கிடக்கும். பாட்டில் சில்லும் அங்கேதான். நடுச்சாலையை வண்டிகளின் சக்கரங்களே கூட்டிச் சுத்தம் செய்து, எல்லாவற்றையும் ஓரத்துக்குத் தள்ளிவிடுகின்றன. அதற்கும் அப்பால் தார் முடிகிற இடம். ஒன்றன்மேல் ஒன்றாகத் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்துவிட, மண் ஓரம் நாலு விரல், ஆறு விரல் கீழே போயிருக்கும். விளிம்பிலிருந்து சக்கரம் இறங்கிவிட்டால் ஹேண்டில்பாரைத் திருப்பி மேலே ஏற்றுவது லேசில்லை. ஏற்ற முயன்று சாலையின் உள்பக்கமாகவே சாய்ந்து விழுவதுதான் வழக்கமாக நடப்பது. ஓரமாகப் போ என்றால் இதில் போ என்று அர்த்தம்.

இனி கணக்குக்கு வருவோம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி இருவழிச் சாலையின் தார்ப்பரப்பு 7 மீட்டர். ஒரு தடம் 3.5 மீட்டர். விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளிச் சைக்கிள் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஹேண்டில்பாரின் அகலம் சுமார் 0.6 மீட்டர். பக்கத்தில் கடக்கும் வண்டி ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது பல நாடுகள் ஏற்றுக்கொண்ட அளவு. இதுவரை 2.6 மீட்டர் ஆயிற்று. சின்னக் கார் ஒன்றின் அகலம் சுமார் 1.7 மீட்டர். கூட்டினால் 4.3. தடமோ மூன்றரைதான். பஸ் என்றால் இரண்டரை மீட்டர் அகலம், கூட்டுத்தொகை 5.1.

ஆக, சைக்கிள் எவ்வளவுதான் ஒடுங்கிப் போனாலும், அதே தடத்துக்குள் ஒரு கார் அதைப் பாதுகாப்பாகக் கடக்க முடியாது. நடுக்கோட்டைத் தாண்டியே ஆக வேண்டும். தாண்ட வேண்டுமென்றால் எதிர்த்தடம் காலியாக இருக்க வேண்டும். எதிர்த்தடம் காலியாக இருந்தால், சைக்கிள் ஓரத்தில் போனால் என்ன, நடுவில் போனால் என்ன? காருக்குக் கூடுதலாக ஒரு மீட்டர் வலப்பக்கம் திருப்புவதைத் தவிர எந்த நஷ்டமும் இல்லை. ஓரத்தில் போகும்போது வருகிற ஆபத்து வேறு மாதிரியானது. ‘இடம் இருக்கிறது போலிருக்கே, நுழைஞ்சிடலாம்’ என்ற ஆசையை அது பின்னால் வருபவருக்கு ஊட்டுகிறது. எதிரே பஸ் வரும்போதே நுழைகிறார். இடைவெளி ஒன்றரை மீட்டரிலிருந்து ஒரு முழமாகச் சுருங்குகிறது. நடுத்தடத்தில் போகிற சைக்கிள் அந்த ஆசைக்கே இடம் கொடுப்பதில்லை. காத்திருந்து, எதிர்த்தடம் காலியானதும் முழுசாக மாறிக் கட என்று அது சொல்லாமல் சொல்கிறது.

முழுத்தடம் கேட்பது திமிரோ சொகுசோ அல்ல என்பதற்கு எனக்கு இந்தக் கூட்டல் ஒன்றே போதும்.

கிராமத்து ஒற்றைத் தடச் சாலைகளில் கணக்கு இன்னும் இறுகுகிறது. அங்கே மொத்த அகலமே 3.75 மீட்டர். காரும் சைக்கிளும் போக மிச்சம் ஒன்றரை மீட்டர்கூட இல்லை. இரண்டில் ஒன்று மண்ணில் இறங்கித்தான் தீர வேண்டும். நம் வழக்கத்தில் எது இறங்குகிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? “ரோடு ஒங்க அப்பன் வீட்டதா” என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1954-லேயே பதில் சொல்லிவிட்டது. சாகிர் அகமது வழக்கு அது. உத்தரப் பிரதேச அரசு பஸ் போக்குவரத்தைத் தன் ஏகபோகமாக்க முனைந்தபோது தனியார் பஸ்காரர்கள் வழக்குக்குப் போனார்கள். பொதுச்சாலையைப் பயன்படுத்துவது பொதுமக்கள் எல்லாருடைய உரிமை, அரசு அந்தச் சாலைக்கு அறங்காவலர் போன்றதே தவிர உரிமையாளர் அல்ல என்ற கொள்கையின்மேல் தீர்ப்பு நின்றது. அதற்கு முன்பே தென்காசியைச் சேர்ந்த ஒரு பஸ் நிறுவனத்தின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதையும் அந்தத் தீர்ப்பு எடுத்தாண்டது. பஸ்காரர்கள் வென்று கொடுத்த உரிமை இது. இன்று பஸ்ஸுக்கு முன்னால் போகிற சைக்கிளுக்கும் அது பொருந்தும்.

கொள்கை இப்படி இருக்க, நடைமுறை விதிகளில் சைக்கிளைத் தேடினால் கிடைப்பது கொஞ்சம்தான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பெயருக்கேற்ப மோட்டார் வாகனங்களுக்கானது. அதன் 118-ஆம் பிரிவின்கீழ் 2017-இல் வந்த ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் மோட்டார் வண்டி ஓட்டுநரை நோக்கியே பேசுகின்றன. பாதசாரிகள், சைக்கிளில் போவோர், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரிடம் தனிக் கவனம் எடுக்க வேண்டும் என்று அவை ஓட்டுநருக்குச் சொல்கின்றன. நல்ல வாக்கியம். ஆனால் கடக்கும்போது எத்தனை அடி தள்ளிப் போக வேண்டும் என்ற அளவு இல்லை. அளவில்லாத விதியை வைத்துக்கொண்டு போலீஸ்காரர் யார்மேல் வழக்கு எழுதுவார்? நடைமுறையில் சைக்கிளை இடித்த பிறகுதான் ‘கவனக்குறைவு’ என்று எழுதுகிறார்கள். இடிக்காமல், உரசுகிற தூரத்தில், மணிக்கு 70 கிலோமீட்டரில் கடந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் பதறவைத்துப் போனவர்மேல் எழுதுவது கடினம். 70 என்பதும் சட்டத்துக்கு உட்பட்ட வேகம்தான். 2018-இல் மத்திய அரசு அறிவித்த உச்ச வரம்பில், நான்குவழிச் சாலையோ நகராட்சி எல்லையோ அல்லாத பிற சாலைகளில் கார்களுக்கு அந்த வேகம் வரை அனுமதி தரப்பட்டது.

2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 138-ஆம் பிரிவில் (1ஏ) என்ற உட்பிரிவைச் சேர்த்தது. மோட்டார் இல்லாத வண்டிகளும் பாதசாரிகளும் பொதுச்சாலைகளைப் பயன்படுத்துவது பற்றி மாநில அரசே விதி செய்யலாம்; தேசிய நெடுஞ்சாலை என்றால் நெடுஞ்சாலை ஆணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும். கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், இந்த விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்கும்படி 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. முழுத்தடம் என்ற பேச்சை இப்போது எடுப்பதற்குக் காரணம் இதுதான். விதி எழுதும் அதிகாரம் டெல்லியில் இல்லை, சென்னையில் இருக்கிறது.

ஆனால் ‘ஒழுங்குபடுத்துதல்’ என்பது நம் நாட்டில் பெரும்பாலும் தடை என்றே முடிந்திருக்கிறது. கொல்கத்தாவில் 2013-இல் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை போட்டார்கள். எதிர்ப்புக்குப் பிறகுதான் எண்ணிக்கை குறைந்தது. பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையின் முதன்மைத் தடங்களிலிருந்து 2023 ஆகஸ்ட் முதல் பைக், ஆட்டோ, டிராக்டரோடு சைக்கிளும் விலக்கப்பட்டது. பின்னதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. நூறு கிலோமீட்டர் வேகத்துக்கென்று வேலி போட்டுக் கட்டிய சாலை அது. பக்கத்தில் சர்வீஸ் ரோடு தொடர்ச்சியாக இருக்கும்வரை அந்தத் தடையில் நியாயம் உண்டு. தொடர்ச்சியாக இருக்கும்வரை என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மதுரையைச் சுற்றியுள்ள நான்குவழிச் சாலைகளில் சர்வீஸ் ரோடு ஒரு பாலத்தருகே தொடங்கி அடுத்த ஓடைக்கு முன்னால் முடிந்துவிடுவதைப் பார்க்கலாம். அங்கிருந்து சைக்கிள்காரர் என்ன செய்வார்? எதிர்ப்பக்கம் போகச் சென்டர் மீடியனில் திறப்பு வெகுதூரத்தில். ஆகவே எதிர்த்திசையிலேயே ஓரமாக மிதித்து வருகிறார். ஒழுங்கில்லாத ஜனம் என்று காரில் போகிறவர் தலையிலடித்துக்கொள்கிறார். இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பி வர எஞ்சினும் பெட்ரோலும் இருப்பவருக்கு அப்படிச் சொல்வது எளிது.

நத்தம் சாலையையும் இங்கே சொல்ல வேண்டும். 2023 ஏப்ரலில் மதுரை நகருக்குள் 7.3 கிலோமீட்டர் பறக்கும் பாலமும் அதற்கு அப்பால் 24.4 கிலோமீட்டர் நான்குவழிச் சாலையும் திறக்கப்பட்டன. வேகத்துக்கு வழி கிடைத்தது, நல்லது. வேகமான வண்டிகளுக்கு மேலே தனிச்சாலை கட்டிக் கொடுத்த பிறகு கீழே இருக்கிற பழைய சாலையாவது நிதானமாகப் போகிறவர்களுக்கு உரியது என்று எழுதிவைத்திருக்கலாமே!

ஒரு காலத்தில் சைக்கிளை அரசு மதித்தது; வரி போடும் அளவுக்கு மதித்தது. நகராட்சிக்கு வரி கட்டி வில்லை வாங்கி மாட்ட வேண்டும். இருட்டியபின் விளக்கு இல்லாமல் போனால், டபுள்ஸ் போனால், போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார் அல்லது அபராதம் போடுவார். தொல்லைதான், ஆனால் வாகனத்துக்குச் செய்கிற தொல்லை. பிறகு வரி போயிற்று, வில்லை போயிற்று, கூடவே சாலையில் அதற்கிருந்த இடமும் போயிற்று. ஆனால் சைக்கிள் போய்விடவில்லை. 1990-களின் தொடக்கத்தில் மதுரைக்கு வடகிழக்கே புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கல் குவாரியில் வேலை செய்த பெண்களும் அங்கன்வாடி ஊழியர்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள், பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியது உலகமெல்லாம் போனது. 2001-02-இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய விலையில்லாச் சைக்கிள் திட்டம் விரிந்து, இன்று அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் போகிறது. சைக்கிளைக் கொடுத்த அரசு அதை ஓட்ட இடம் எது என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை.

வெளிநாடுகளில் இந்தச் சண்டை பழையது. அமெரிக்காவில் ஜான் ஃபாரஸ்டர் என்ற பொறியாளர், சைக்கிளுக்குத் தனிப்பாதை என்ற பெயரில் பொதுச்சாலையிலிருந்து தங்களை வெளியேற்றப் பார்க்கிறார்கள் என்று கலிஃபோர்னியாவில் போராடினார். சைக்கிளும் வாகனம்தான், வாகனம் போலவே தடத்தில் போக வேண்டும் என்பது அவர் கட்சி. 1976-இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். சைக்கிள் முழுத்தடத்தையும் பயன்படுத்தலாம் என்ற அறிவிப்புப் பலகை 2009-இல் அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துக் குறியீட்டுக் கையேட்டில் இடம்பெற்றது. கலிஃபோர்னியாவில் 2014-இல் மூன்றடி இடைவெளிச் சட்டம் வந்தது. 2023 முதல், முடிந்த இடங்களில் தடம் மாறியே கடக்க வேண்டும் என்றாகிவிட்டது. ஜெர்மனி 2020-இல் நகருக்குள் ஒன்றரை மீட்டர், வெளியே இரண்டு மீட்டர் என்று எழுதிவிட்டது.

நமக்கு மிக நெருக்கமானது பிரிட்டன் 2022 ஜனவரி 29 அன்று திருத்திய நெடுஞ்சாலைக் கையேடு. நாமும் இடப்பக்கம் போகிறவர்கள், அவர்களுடைய கிராமச் சாலைகளும் குறுகல். ஆள் நடமாட்டம் குறைந்த சாலையிலும், மெதுவாக நகரும் போக்குவரத்திலும், சாலை குறுகும் இடத்திலும், சந்திப்பை நெருங்கும்போதும் சைக்கிள் தடத்தின் நடுவில் போகலாம் என்கிறது அது. வேகமான வண்டி பின்னால் வந்தால், பாதுகாப்பாக முடிந்தால், இடப்பக்கம் ஒதுங்கி வழி விட வேண்டும் என்றும் சொல்கிறது. கடக்கும் வண்டி மணிக்கு 30 மைல் வேகம் வரை ஒன்றரை மீட்டராவது இடைவெளி விட வேண்டும். அதற்கு மேல் வேகமென்றால் இன்னும் கூடுதல். உரிமையும் நாகரிகமும் ஒரே இடத்தில் எழுதப்பட்டிருப்பதால் எனக்கு இது பிடிக்கிறது.

ஃபாரஸ்டரை முழுசாக ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை. அவர் மனத்தில் இருந்தவர் திடகாத்திரமான, மணிக்கு முப்பது கிலோமீட்டர் மிதிக்கிற ஆள். ஹேண்டில்பாரில் குடமும் கேரியரில் பிள்ளையுமாகப் போகிற அக்காவுக்கு அது ஆகாது. பெரிய சாலைகளில் தனிப்பாதையும், ஊருக்குள் ‘கார் இங்கே விருந்தாளி’ என்ற ஏற்பாடும் வைத்திருக்கிற நெதர்லாந்தே எட்டு வயதிலிருந்து எண்பது வயது வரை சைக்கிளில் ஏற்றிவைத்த நாடு. ஆனால் நம் ஊர்த் தனிப்பாதைகளின் கதை வேறு. உத்தரப் பிரதேசத்தில் 2016-இல் இட்டாவாவிலிருந்து ஆக்ராவுக்கு 207 கிலோமீட்டர் சைக்கிள் சாலை திறந்தார்கள்; ஆட்சி மாறியதும் அக்கறையும் மாறியது. ஹைதராபாத் வெளிவட்டச் சாலையில் சூரியத் தகட்டுக் கூரையோடு 23 கிலோமீட்டர் பாதை 2023-இல் வந்தது. பார்க்க அழகு, உடற்பயிற்சிக்கு உகந்தது, பால் ஊற்றப் போகிறவருக்கு உபயோகமில்லை. அழகர்கோவில் சாலையிலும் சோழவந்தான் சாலையிலும் தனிப்பாதை போட மரத்தை வெட்ட வேண்டும், வயலை எடுக்க வேண்டும். எதைப் பார்க்கப் போகிறோமோ அதையே அழித்துப் பாதை போட்டு என்ன பயன்? இருக்கிற தடத்தைப் பகிர்வதே இங்கே மலிவான வழி.

வண்டி ஓட்டுகிறவர்கள் இரண்டு ஆட்சேபணை சொல்வார்கள். முதலாவது, நேரம். 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிற சைக்கிளுக்குப் பின்னால் 200 மீட்டர் காத்துக்கொண்டு போனால் ஆகிற நேரம் 48 விநாடி. 60-இல் போயிருந்தால் 12 விநாடி. நஷ்டம் 36 விநாடி. மாட்டுத்தாவணி சிக்னலில் ஒருமுறை நின்றால் இதைவிட அதிகம் போய்விடும். இரண்டாவது, பின்னாலிருந்து இடித்துவிட மாட்டார்களா என்பது. இது தள்ளிவிடக்கூடிய ஆட்சேபணை அல்ல. வளைவில், மழையில், முக்கியமாக இரவில், நடுத்தடத்தில் விளக்கில்லாத சைக்கிள் போவது ஆபத்துதான். டைனமோ போன பிறகு நம் சைக்கிள்களில் விளக்கே போய்விட்டது. பின்விளக்கும் பிரதிபலிப்பானும் இல்லாதவர் முழுத்தடம் கேட்கக் கூடாது என்பேன். ஞாயிற்றுக்கிழமைக் குழுக்களுக்கும் ஒரு வார்த்தை: நாலு பேர் வரிசைகட்டிப் பேசிக்கொண்டே போவது உரிமையில் சேராது. இருவருக்கு மேல் பக்கம் பக்கமாகப் போகாதீர்கள். பின்னால் பஸ் வந்தால், இடம் கிடைத்ததும் ஒற்றை வரிசையாகி விடுங்கள். அந்த பஸ்ஸில் வருகிறவர்களும் வேலைக்குப் போகிறவர்கள்தான்.

தமிழ்நாடு எழுத வேண்டிய விதி நீளமாக இருக்கத் தேவையில்லை. 7 மீட்டரும் அதற்குக் குறைவும் அகலமுள்ள இருவழி, ஒற்றைவழிச் சாலைகளில் சைக்கிள் தன் தடம் முழுவதையும் பயன்படுத்தலாம். கடக்கும் வண்டி ஒன்றரை மீட்டர் விட வேண்டும். விட முடியாவிட்டால் பின்னால் காத்திருக்க வேண்டும். மீறினால் இன்ன அபராதம். நான்குவழிச் சாலையில் சைக்கிளை விலக்குவதானால் தொடர்ச்சியான சர்வீஸ் ரோடு முதலில், தடை பிறகு. அழகர்கோவில், கீழக்குயில்குடி, அரிட்டாபட்டி போன்ற வழிகளில் காருக்கு 40 கிலோமீட்டர் வரம்பும், முழுத்தடம் பற்றித் தமிழில் ஒரு பலகையும். ஓரத்து மண்ணைத் தார் மட்டத்துக்கு நிரப்புவதற்கு விதியே வேண்டாம்; நெடுஞ்சாலைத் துறை மனம் வைத்தால் போதும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 212-ஆம் பிரிவுப்படி இப்படிப்பட்ட விதிகளை வரைவாக வெளியிட்டு, மக்களின் ஆட்சேபணையையும் யோசனையையும் கேட்ட பிறகே இறுதி செய்ய முடியும். அந்த வரைவில் சைக்கிளுக்கு ஓரம் என்று இருந்தால், தடத்தின் அளவையும் பஸ்ஸின் அளவையும் போட்டு ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். வாரக்கடைசியில் மட்டும் மிதிக்கிறவர்கள், எழுத நேரமில்லாத பால்காரருக்காகவும் சேர்த்து எழுதுங்கள்.